14 டிஎம்சியும் ஒரு நீர்நாய்க் குடும்பமும்

மே மாதத்தின் கடைசிப் புதன்கிழமை உலக நீர்நாய் தினம். அன்றைக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே படம்தான் கண்ணில் படும். இரண்டு நீர்நாய்கள் தண்ணீரில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, கையோடு கை கோத்தபடி மிதக்கும். "அச்சோ, எவ்வளவு அழகு!" என்று நாலு பேர் எழுதுவார்கள், நாற்பது பேர் அதை அடுத்தவருக்கு அனுப்புவார்கள். சிக்கல் என்னவென்றால், படத்தில் இருப்பது கடல் நீர்நாய். அலாஸ்கா, கலிபோர்னியா பக்கத்துக் குளிர்ந்த கடலில் வாழ்கிற இனம். தமிழ்நாட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. காவிரியில் நிஜமாகவே நீர்நாய் இருக்கிறது என்று அதே நாற்பது பேரிடம் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர் "அது கீரிப்பிள்ளையா இருக்கும்" என்பார்கள்.

இந்தியாவில் மூன்று வகை நீர்நாய்கள் உண்டு. மூன்றும் தென்னிந்தியாவில் இருக்கின்றன. நீலகிரி, ஆனைமலை ஓடைகளில் நண்டு தேடி அலைகிற சிறிய வகை ஒன்று. அபூர்வமாகத் தட்டுப்படும் யூரேசிய வகை ஒன்று. மூன்றாவதுதான் காவிரி, மாயாறு போன்ற பெரிய ஆறுகளில் கூட்டமாக வாழும் ஆற்று நீர்நாய். ஏழு முதல் பதினோரு கிலோ எடை, வெல்வெட் மாதிரி வழவழப்பான ரோமம், துடுப்பு போலத் தட்டையான வால், விரல்களுக்கு நடுவே சவ்வு. சங்கப் பாடல்களில் மருதத் திணையில் வாளை மீனைத் தேடித் திரியும் நீர்நாய் ஒரு முறை அல்ல, பல முறை வருகிறது. அப்போதே ஊருக்குப் பழகிய பிராணி. இப்போதுதான் அந்நியமாகிவிட்டது.

அது எப்படி அந்நியமாகும்? ஆறு இருக்கிறது, தண்ணீர் வருகிறது, மீன் இருக்கிறது. பிறகென்ன குறை? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ஆறு என்றால் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நினைப்புதான் இந்தக் கட்டுரையின் எதிரி.

நீர்நாயின் ஒரு நாளைக் கொஞ்சம் கவனியுங்கள். அதிகாலையில் குடும்பமாகக் கிளம்பும். அப்பா, அம்மா, போன ஈற்றுக் குட்டிகள், இந்த ஈற்றுக் குட்டிகள் என்று ஒரு கூட்டுக் குடும்பம். ஒரு வளைவில் எல்லாமாகச் சேர்ந்து மீனை மடக்கும். ஒரு பெரிய நீர்நாய்க்கு நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ மீன் வேண்டும். சாப்பாடு முடிந்ததும் கரையேறும். முக்கியமான வேலை இங்கேதான் ஆரம்பம். திமிங்கலம், சீல் மாதிரி தோலுக்கடியில் கனத்த கொழுப்புப் படலம் நீர்நாய்க்குக் கிடையாது. உடம்புச் சூட்டைக் காப்பாற்றுவது ரோமமும், அதற்குள் சிக்கியிருக்கிற காற்றும்தான். ரோமம் நனைந்து ஒட்டிப்போனால் காற்று போய்விடும். அதனால் மணலில் புரண்டு புரண்டு உடம்பைத் துவட்டும், ஒன்றை ஒன்று கோதிவிடும். பார்ப்பவருக்கு அது விளையாட்டு மாதிரித் தெரியும். நீர்நாய்க்கு அது பிழைப்பு.

அப்புறம், அது எச்சம் போடுவதற்கென்று தனி இடம் வைத்திருக்கும். ஒரு பாறை, ஒரு மணல் திட்டு, திரும்பத் திரும்ப அதே இடம். மீன் செதில் மினுமினுக்க, நாற்றம் தூக்கும். அந்தக் குடும்பத்தின் விலாசப் பலகை என்று வைத்துக்கொள்ளலாம். நேரில் பார்ப்பது கஷ்டம் என்பதால் ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் இந்த எச்சத்தைத் தேடித்தான் மைல் கணக்கில் கரையில் நடக்கிறார்கள். (பிராணி ஆராய்ச்சி என்றால் காமிராவும் தொப்பியும் என்று நினைப்பவர்கள் கவனிக்க!) குட்டி போடுவது கரையில் உள்ள பாறை இடுக்கிலோ, மரத்தின் வேருக்கடியிலோ, அடர்ந்த புதரிலோ. ஏறக்குறைய இரண்டு மாதச் சூல். குட்டிகள் பிறக்கும்போது கண் திறந்திருக்காது, நீந்தவும் தெரியாது. தண்ணீருக்குள் இறங்கவே வாரக்கணக்கில் ஆகும்.

ஆக, நீர்நாய்க்கு வேண்டியது மீன் உள்ள தண்ணீர், துவட்ட மணல், ஒளிந்துகொள்ள நாணலும் கோரையும், குட்டி போடப் பாறையோ வேரோ, கோடையிலும் வற்றாத மடு. இந்த ஐந்தில் தண்ணீர் தொடர்பானது இரண்டுதான், மற்ற மூன்றும் கரை. இந்த மூன்றுக்கும் காவிரிக் கணக்கில் ஒரு வரிகூட இடமில்லை.

காவிரிக் கணக்கு என்றால் என்ன? 2007 பிப்ரவரியில் நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு கொடுத்தது. ஆற்றில் மொத்தம் 740 டிஎம்சி என்று வைத்துக்கொண்டு பங்கு போட்டார்கள். தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. கூட்டினால் 726 வரும். மிச்சம் 14. அதில் 10 டிஎம்சி சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு, 4 டிஎம்சி தவிர்க்க முடியாமல் கடலுக்குத் தப்பிப் போகிற நீர். தப்பிப் போகிற நீர்! ஏதோ ஜெயிலிலிருந்து கைதி தப்புகிற மாதிரி. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் பங்கை மாற்றியது. தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75. இந்த 14.75 டிஎம்சி வித்தியாசத்துக்காக இரண்டு மாநிலமும் எத்தனை சூடானது என்பது ஊரறிந்த கதை. அந்த 14-ஐப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அது 14-ஆகவே இருந்தது.

740-ல் 14 என்றால் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஒரு நிறுவனம் தன் வருமானத்தில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவாக இயந்திரப் பராமரிப்புக்கு ஒதுக்கிவிட்டு, தேய்மானமும் எழுதாமல் போனால் அதன் கணக்கைத் தணிக்கையாளர் என்ன சொல்வார்? ஆற்றுக்குத்தான் தணிக்கையாளர் கிடையாதே.

அந்தப் பத்தும் என்ன ஆகிறது என்று பாருங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி பிலிகுண்டுலுவுக்கு வர வேண்டிய 177.25 டிஎம்சி மாதவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆகஸ்டில் 45.95. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் தலா இரண்டரை. ஆறு காய்கிற மாதங்களுக்கு இரண்டரை என்பது சின்ன எண்தான், ஆனாலும் ஒரு எண் இருக்கிறது. அந்தத் தண்ணீர் பிலிகுண்டுலுவைத் தாண்டி, ஒகேனக்கலில் விழுந்து, நேராக மேட்டூர் அணைக்குள் போய்ச் சேருகிறது. 1934-ல் கட்டி முடித்த அணை, 93.47 டிஎம்சி கொள்ளளவு. வழக்கப்படி ஜூன் 12-ல் பாசனத்துக்குத் திறப்பார்கள், ஜனவரி 28-ல் மூடுவார்கள். அதற்கப்புறம் குடிநீருக்கென்று கொஞ்சம் விடுவார்கள். ஆற்றுக்கென்று? தினமும் பேப்பரில் வருகிற அணை நிலவரத்தில் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் திறப்பு என்று மூன்று வரி உண்டு. ஆறு குடிப்பதற்கு என்று நாலாவது வரி கிடையாது.

மேட்டூருக்குக் கீழே, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் ஆற்றில் நீர்நாய் தென்பட்டதாக அவ்வப்போது செய்தி வரும். "அரிய வகை விலங்கு, பொதுமக்கள் ஆச்சரியம்" என்று தலைப்பு போடுவார்கள். மழை ஓய்ந்த பிறகுதான் பெரும்பாலும் குட்டிகள் பிறக்கின்றன. அவை நீந்தப் பழகி மீன் பிடிக்கக் கற்கிற நேரத்தில் ஆறு சுருங்கி மடுக்களாகிவிடுகிறது. நாலைந்து மாதம் அந்த மடுவை நம்பித்தான் ஒரு குடும்பமே பிழைக்க வேண்டும். அதே மடுவில்தான் வெடி போடுகிறவனும் வருகிறான், பிளீச்சிங் பவுடர் கொட்டுகிறவனும் வருகிறான். மற்ற மாதங்களில் நூறு வழி உள்ள பிராணிக்குக் கோடையில் ஒரே வழி. அதையும் அடைத்தால் முடிந்தது.

அடுத்தது மணல். இதைப் பேசினாலே "வீடு கட்ட வேண்டாமா?" என்று ஒரு குரல் வரும். கட்ட வேண்டும்தான். ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. 2003-ல் விதியைத் திருத்தி மணல் குவாரிகளை அரசே நடத்தும் என்றார்கள். அன்றிலிருந்து மணல் அரசின் வருவாய். கணக்குப்பதிவியல் முதல் பாடத்தில் சொல்லித் தருவது, மூலதனத்தை விற்ற காசை வருமானம் என்று எழுதக் கூடாது என்பது. கடையின் மேஜை நாற்காலியை விற்றுவிட்டு "இந்த மாதம் நல்ல வியாபாரம்" என்று சொல்கிற கடைக்காரனை ஊர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும்? ஆற்று மணல் எத்தனையோ ஆயிரம் வருஷம் பாறை தேய்ந்து, வெள்ளத்தில் உருண்டு வந்து சேர்ந்த மூலதனம். மேலே அணைகள் நிற்பதால் புதிய மணல் பழைய அளவுக்கு இறங்கி வருவதுமில்லை. போட்ட முதலில் கை வைத்துக்கொண்டு லாபம் என்று எழுதுகிறார்கள். இது மணலைத் திருட்டுத்தனமாக அள்ளுவது பற்றிய பேச்சே இல்லை. அனுமதி வாங்கி, ரசீது போட்டு அள்ளினாலும் கணக்கு தப்புதான்.

நீர்நாய்க்கு மணல் போனால் என்ன போகிறது? துவட்டுகிற இடம் போகிறது. ஆற்றுப் படுகை இறங்கக் கரை சரிகிறது, கரை சரிய மரம் விழுகிறது, வேரிடுக்கு போகிறது. பொக்லைன் இரவு பகலாக உறுமுகிற இடத்தில் குட்டியோடு எந்தத் தாயும் தங்காது. மணல் தாங்கி வைத்திருந்த ஈரம் போனதும் மடு சீக்கிரம் வற்றுகிறது. ஒரு லாரிக்கு இத்தனை யூனிட் என்று எழுதுகிறவர்கள் இதை எந்த யூனிட்டில் எழுதுவார்கள்?

விஷம் வேறு. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலில் இறங்கி, நொய்யல் காவிரியில் கலந்தது. ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிவிட்டு, சாயத் தண்ணீர் தேங்கியதால் விவசாயிகளே "திறக்காதே" என்று கோர்ட்டுக்குப் போன கூத்தும் நடந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்ல வேண்டியதாயிற்று. தண்ணீரில் துளியாகக் கரைகிற நஞ்சு சின்ன மீனில் சேர்ந்து, பெரிய மீனில் கூடி, மீன் தின்னும் பிராணியில் போய்க் குவியும். நீர்நாய் அந்த வரிசையின் கடைசிப் படியில் நிற்கிறது. அதே படியில் மீன் குழம்பு சாப்பிடுகிற மனிதனும் நிற்கிறான் என்பதைச் சொன்னால்தான் சிலருக்கு உறைக்கும்.

இனி மீனவர்கள். நீர்நாயைப் பற்றிப் பேசுகிற நகரத்து ஆட்கள் இந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அது நியாயமில்லை. நீர்நாய் வலையைக் கிழிக்கும். வலையில் மாட்டிய மீனைத் தின்னும். பரிசல் போட்டு மீன் பிடித்து அன்றாடம் பிழைக்கிறவருக்கு ஒரு வலை கிழிவது சின்ன நஷ்டமில்லை. கோபம் வருவது இயல்பு. ஆனால் "மீன் குறைந்ததற்கு நீர்நாய்தான் காரணம்" என்பது வேறு பேச்சு. நீர்நாய் ஏராளமாக இருந்த காலத்தில் மீனும் ஏராளமாக இருந்தது. இப்போது இரண்டும் சேர்ந்தே குறைகின்றன. திருடனும் வீட்டுக்காரனும் ஒரே நாளில் காணாமல் போனால் திருடியது மூன்றாவது ஆள்தானே? பெரியாறு ஏரியில் நடந்த ஆய்வில் நீர்நாய்களின் இரையில் பெரும்பங்கு ஜிலேபிக் கெண்டை போன்ற வெளிநாட்டு மீன்கள். உள்ளூர் மீனை ஒழித்துக்கட்டுகிற மீனை அது தின்று தீர்க்கிறது, சம்பளமில்லாமல். வங்கதேசத்தில் சுந்தரவனத்தையொட்டிய பகுதிகளில் இதே ஆற்று நீர்நாயைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பழக்கி, மீனை வலைக்குள் விரட்டவிட்டுப் பிழைத்த மீனவர்கள் உண்டு. ஒரே பிராணி, அங்கே கூலிக்காரன், இங்கே எதிரி. யானை மிதித்த பயிருக்கு இழப்பீடு தருகிற அரசாங்கம், நீர்நாய் கிழித்த வலைக்கும் தந்தால் கஜானா ஒன்றும் காலியாகிவிடாது. அதைக் கேட்காமல் மீனவருக்குக் காட்டுயிர்ப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது ஏசி ரூம் ஞானம்.

நல்லதும் நடக்காமல் இல்லை. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காட்டைக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பில் முதலை, ஆமையோடு ஆற்று நீர்நாயின் பெயரும் வந்தது. அந்தப் பக்கம் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயம் 1987-லிருந்தே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஆற்றின் ஒரு நீண்ட துண்டு. சந்தோஷம். ஆனால் அந்தத் துண்டில்தான் மேகதாது அணை வருகிறது என்கிறார்கள். 67.16 டிஎம்சி, கிட்டத்தட்ட 5,000 ஹெக்டேர் முழுகும், அதில் பெரும்பகுதி காடு. தமிழ்நாட்டில் எல்லாக் கட்சியும் எதிர்க்கிறது, எதற்கு? தண்ணீர் குறையும் என்று. எதிர்ப்பு சரிதான். ஆனால் முழுகப்போகிற பாறையும் மணலும் கரைக்காடும் எத்தனை மேடையில் பேசப்பட்டது? நாளைக்கே "உங்கள் பங்கு ஒரு சொட்டும் குறையாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த எதிர்ப்பு என்ன ஆகும்? அணை என்றாலே நீர்நாய் அழிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. பெரியாறு அணை 1895-ல் கட்டியது, அதன் ஏரியில் நீர்நாய்கள் வாழ்கின்றன. காரணம், ஏரியைச் சுற்றிப் புலிகள் காப்பகம். கரை பத்திரமாக இருக்கிறது. மறுபடியும் விஷயம் கரையில்தான் வந்து நிற்கிறது.

கரையைத் திருப்பிக் கொடுத்தால் நீர்நாய் திரும்பி வருமா? வரும், வந்திருக்கிறது. சிங்கப்பூர் ஒரு காலத்தில் பன்றிப் பண்ணைக் கழிவும் படகு எண்ணெயும் ஓடிய ஆற்றை வைத்திருந்த ஊர். 1977-ல் பிரதமர் லீ குவான் யூ பத்து வருஷத்தில் சுத்தமாக வேண்டும் என்றார், 1987-ல் முடித்தார்கள். அங்கே அற்றுப்போயிருந்த நீர்நாய் 1998-ல் திரும்பியது. காவிரியில் இருக்கிற அதே ஆற்று நீர்நாய். 2012-ல் பீஷான் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயை உடைத்துப் போட்டு, வளைந்து நெளிகிற மண் கரை ஆறாக மாற்றினார்கள். இரண்டொரு வருஷத்தில் ஒரு நீர்நாய்க் குடும்பம் அங்கே வந்து சேர்ந்தது. இப்போது அங்கே பிரச்சினை வேறு, அடுக்குமாடிக் குடியிருப்புத் தொட்டிகளில் உள்ள விலையுயர்ந்த அலங்கார மீன்களை நீர்நாய் தின்றுவிடுகிறது என்று புகார்! அதுவும் ஒரு பிரச்சினைதான், ஆனால் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டிய பிரச்சினை. இங்கே 2021-ல் கல்லணைக் கால்வாய்க்குக் கான்கிரீட் தளம் போடக் கிளம்பினார்கள். நிலத்தடி நீர் இறங்காது என்று தஞ்சாவூர் விவசாயிகள்தான் மறித்தார்கள். நிலம் நனைய வேண்டும் என்கிற விவசாயியும் மணல் வேண்டும் என்கிற நீர்நாயும் ஒரே கட்சி. இரண்டு பேருக்கும் அது தெரியாது, அவ்வளவுதான்.

ஆடி, ஆவணியில் வெள்ளம் வந்தால் எல்லா டிவியிலும் ஒரே வரி ஓடும், "வீணாகக் கடலில் கலக்கும் காவிரி நீர்." வெள்ளம்தான் மணலைக் கொண்டுவருகிறது, மடுவை ஆழப்படுத்துகிறது, சாக்கடையைக் கழுவுகிறது, மீனை மேலேற்றுகிறது, முகத்துவாரத்தில் உப்பைத் தடுக்கிறது. வருஷத்தில் சில வாரம் ஆறு ஆறாக இருக்கிறது. அதற்குப் பெயர் வீண். ஜனவரிக்கு மேல் மணல் லாரி ஓடும் ரோடாக அது கிடக்கிறதே, அதற்கு என்ன பெயர்?

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். நீர்வளத் துறைக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: தீர்ப்பில் சுற்றுச்சூழலுக்கென்று ஒதுக்கிய 10 டிஎம்சியில், போன பிப்ரவரி முதல் மே வரை மேட்டூருக்குக் கீழே ஆற்றுக்கென்றே விடப்பட்டது எவ்வளவு? மேட்டூரிலிருந்து கல்லணை வரை கோடையில் வற்றாமல் நின்ற மடுக்கள் எத்தனை, எந்தெந்த ஊர் எல்லையில்? அவற்றைச் சுற்றி எத்தனை கிலோமீட்டருக்கு மணல் அள்ள அனுமதி இருந்தது? சட்டப்படி 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.